விக்கி வார்ப்புருக்களை எளிதில் தொகுக்க உதவும் இடைமுகங்கள்

வார்ப்புரு என்பது, ஒரே அமைப்பில் வரும் செய்திகளைப் பல பக்கங்களில் காட்டுவதற்காக விக்கித் தளத்தில் ஒருமுறை எழுதி வைக்கப்படும் அச்சு ஆகும். பள்ளி அலுவலகத்தில் உள்ள மாற்றுச் சான்றிதழ்ப் படிவத்தைப் போன்றது அது. மாணவர் பெயர், பிறந்த நாள், கடைசியாகப் படித்த வகுப்பு என்னும் தலைப்புகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்தர் கோடிட்ட இடங்களை மட்டும் நிரப்புவார். விக்கியில் அந்தக் கோடிட்ட இடத்துக்கு அளவுரு என்றும், அதில் நிரப்பப்படுவதற்கு மதிப்பு என்றும் பெயர். ஊர்கள், கோயில்கள், நூல்கள், தொல்லியல் களங்கள் பற்றிய கட்டுரைகளின் ஓரத்தில் காணப்படும் தகவற்பெட்டி, இவ்வகை வார்ப்புருக்களில் பலரும் அறிந்த ஒன்று.

மாற்றுச் சான்றிதழை நிரப்பத் தனிப்பயிற்சி தேவையில்லை. விக்கி வார்ப்புருவை நிரப்ப நெடுங்காலம் அது தேவைப்பட்டது. ஓரளவுக்கு இன்றும் தேவைப்படுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் இடைமுகம் எப்படி அமைய வேண்டும் என்பதை, தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள இந்தப் பழைய தாழிக்காடு எந்தப் படிவத்திலும் எளிதில் அடங்குவதில்லை.

== அடைப்புக்குறிகளின் சிக்கல் ==

ஆதிச்சநல்லூருக்கு ஒரு தகவற்பெட்டி எழுதப்படுவதாகக் கொள்ளலாம். மூலநிரலில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

{{தகவற்பெட்டி தொல்லியல் களம்
| பெயர் = ஆதிச்சநல்லூர்
| வட்டம் = திருவைகுண்டம்
| மாவட்டம் = [[தூத்துக்குடி மாவட்டம்|தூத்துக்குடி]]
| ஆறு = தாமிரபரணி
| அகழ்ந்தவர் = அலெக்சாண்டர் ரீ
| காலம் =
}}

இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் முதலில் வார்ப்புருவின் பெயர். பிறகு ஒவ்வொரு நிலைக்குத்துக் கோட்டுக்கும் பின் ஓர் அளவுரு. சமக்குறிக்கு வலப்பக்கம் மதிப்பு. அமைப்பு எளிமையானதுதான். ஆனால் அது சிறு பிழையையும் மன்னிக்காது. கடைசி அடைப்புக்குறிகளில் ஒன்று விடுபட்டால் பெட்டி மறைந்து, அதற்குரிய நிரல் முழுவதும் கட்டுரையின் தலையில் கொட்டிக் கிடக்கும். மாவட்டம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே இணைப்புக்குள் வரும் நிலைக்குத்துக் கோடும் அளவுருவைப் பிரிக்கும் கோடும் பார்வைக்கு ஒன்றே. எந்தக் கோடு எந்த வேலையைச் செய்கிறது என்பது பழகியவருக்கு மட்டுமே தெரியும். அளவுருவின் பெயரை ஓர் எழுத்துத் தவறாக எழுதினால் இன்னும் மோசம்: பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது. எழுதியது பக்கத்தில் தெரியாது, அவ்வளவே. புதியவர் தம் திருத்தம் சேமிக்கப்படவில்லை என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

தமிழில் எழுதுவோருக்கு இத்துடன் வேறு இரு தொல்லைகளும் உண்டு. முதலாவது விசைப்பலகை. தமிழ்99 அமைப்பில் சதுர அடைப்புக்குறிகளுக்குரிய இரண்டு விசைகளிலும் ‘ச’, ‘ஞ’ ஆகிய எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன. ஓர் இணைப்பைத் தர, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, குறியை இட்டு, மீண்டும் தமிழுக்கு வந்து, சொல்லை எழுதி, மறுபடியும் மாற வேண்டும். பத்து அளவுருக்கள் உள்ள பெட்டியில் இந்தப் போக்குவரத்தை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாவது கைப்பேசி. அதில் நெளிவு அடைப்புக்குறிகள் குறியீடுகளுக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் திரையில்தான் கிடைக்கும். மேலும், தகவற்பெட்டி கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால், முதல் பத்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த விரும்பி ‘தொகு’ என்பதைத் தொடுபவர் கண்ணில் முதலில் படுவது கட்டுரை அன்று, அடைப்புக்குறிகளின் சுவர்.

இதன் விளைவு வெறும் வசதிக்குறைவு அன்று. ஆதிச்சநல்லூர்க்காரருக்கு ஊர் தெரியும், குறி தெரியாது. குறி தெரிந்தவர் அந்தப் பரம்பைக் கண்டிருக்க மாட்டார். பெட்டியில் உள்ள பிழை யாரால் திருத்தப்படும் என்பதை இடைமுகமே தீர்மானித்துவிடுகிறது.

== இதுவரை வந்த வழிகள் ==

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் தொடக்கம் 2002ஆம் ஆண்டு. அளவுருக்கள் கொண்ட வார்ப்புருக்கள் 2004இல் அதில் இடம்பெற்றன. 2006இல் நிபந்தனைச் செயற்கூறுகளும் 2013இல் லுவா நிரல்மொழியும் சேர்ந்தபின், வார்ப்புருவை உருவாக்குபவரின் ஆற்றல் பன்மடங்கு கூடியது. நிரப்புபவரின் நிலை அப்படியே இருந்தது.

2013இல்தான் பெரிய மாற்றம். பக்கத்தைப் பார்க்கும் தோற்றத்திலேயே திருத்த உதவும் காட்சித் தொகுப்பான் அவ்வாண்டு சூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்பிருப்பாக வைக்கப்பட்டது. பழைய தொகுப்பாளர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் செப்டம்பரில் அது விரும்புவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் கருவியாக மாற்றப்பட்டது. பின்னர் பொறுமையாகச் செப்பனிடப்பட்டு, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் தகவற்பெட்டியைச் சொடுக்கினால் ஓர் உரையாடற் சாளரம் திறக்கும். ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அடைப்புக்குறியே கண்ணில் படாது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய விக்கிமீடியா அமைப்பின் தொழில்நுட்பக் குழு இந்தச் சாளரத்தை மேம்படுத்தி, எல்லா அளவுருக்களையும் பக்கவாட்டில் பட்டியலிட்டுத் தேடித் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தது.

வேறொரு பாதையும் உண்டு. நிறுவனங்களும் ஆய்வுக் குழுக்களும் நடத்தும் தனி விக்கிகளில் ‘பேஜ் ஃபார்ம்ஸ்’ என்னும் நீட்சியைக் கொண்டு, வார்ப்புரு ஒவ்வொன்றுக்கும் முழுப் படிவமே வடிவமைக்கிறார்கள். கீழிறங்கு பட்டியல், நாட்காட்டி, நிலப்படம் எல்லாம் அதில் வைக்கலாம். களம் குறுகியதாக இருக்கும்போது இது மிகச் சிறந்த முறை. ஆயிரக்கணக்கான வார்ப்புருக்கள் உள்ள பொதுக் கலைக்களஞ்சியத்துக்கு ஒவ்வொன்றுக்கும் படிவம் வரைய ஆள் கிடைக்காது.

== சாளரம் பேசும் மொழி ==

காட்சித் தொகுப்பானின் சாளரம் தானாக எதையும் அறியாது. வார்ப்புருவின் விளக்கப் பக்கத்தில் எழுதி வைக்கப்படும் ‘வார்ப்புருத் தரவு’ என்னும் குறிப்பிலிருந்தே அது படிவத்தை அமைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அளவுருவுக்கும் காட்டவேண்டிய பெயர், ஒரு வரி விளக்கம், வகை (எண்ணா, தேதியா, கோப்பா, பக்கப் பெயரா), கட்டாயமா பரிந்துரையா என்ற நிலை, மாற்றுப் பெயர்கள், எடுத்துக்காட்டு ஆகியவற்றை அதில் தரலாம்.

தமிழ்த் தளங்களில் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. பல வார்ப்புருக்கள் ஆங்கிலத் தளத்திலிருந்து அளவுருப் பெயர்களுடன் அப்படியே எடுத்து வரப்பட்டவை. வார்ப்புருத் தரவு எழுதப்படாவிட்டால், அழகான சாளரம் திறந்து, உள்ளே அடிக்கோடுகளால் இணைத்த ஆங்கிலச் சுருக்கங்கள் வரிசையாக நிற்கும். கருவி வந்தும் கதவு திறக்கவில்லை என்ற நிலை. உள்ளே இருக்கும் அளவுருப் பெயரை மாற்றாமலேயே, காட்டும் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் தமிழில் தரலாம் என்பது இக்குறிப்பின் சிறப்பு. எனவே பழைய பக்கங்கள் எதுவும் கெடாது.

விளக்கவரி எழுதுவதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. மொழி தெரிய வேண்டும். ‘அகழ்ந்தவர்’ என்ற அளவுருவுக்கு ‘அகழ்ந்தவரின் பெயர்’ என்று விளக்கம் எழுதுவது வீண். ‘அகழாய்வுக்குத் தலைமை ஏற்றவர் அல்லது துறை, மேலாய்வு மட்டும் செய்தவரை இங்கே எழுத வேண்டாம்’ என்று எழுதினால் நிரப்புபவரின் ஐயம் தீரும். பிழைச் செய்திக்கும் இதே விதி பொருந்தும். ‘தவறான மதிப்பு’ என்று சிவப்பில் காட்டுவது, விடைத்தாளில் பெருக்கல் குறி மட்டும் போட்டுத் திருப்பித் தருவது போன்றது. ‘ஆண்டை 1899 என்பதுபோல் எண்ணால் மட்டும் எழுதுக’ என்பது திருத்தம்.

== ஓர் ஊருக்கு நான்கு எழுத்து ==

ஆதிச்சநல்லூர் திருவைகுண்டம் வட்டத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயரைத் தட்டச்சிடச் சொன்னால் ஒருவர் திருவைகுண்டம் என்பார். ஒருவர் ஸ்ரீவைகுண்டம் என்பார். வடவெழுத்தைத் தவிர்ப்பவர் சிறீவைகுண்டம் என்பார். நான்காவது வடிவம் கண்ணுக்கே தெரியாதது. ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ எழுத்தைக் கொண்டும் எழுதலாம், ‘ஶ’ எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ‘ஔ’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று பிரித்து அடிப்பதும் இத்தகையதே.

படிக்கிறவருக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் தகவற்பெட்டியின் மதிப்பைக் கொண்டே பகுப்புகளும் பட்டியல்களும் உருவாகும் தளத்தில், ஒரே வட்டத்து ஊர்கள் நான்கு பட்டியல்களாகச் சிதறிவிடும். இதற்கு எழுத்தாளர்களைக் கடிந்து பயனில்லை. முதல் இரண்டு எழுத்துகளை அடித்ததும் உரிய பெயரைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்வதே தீர்வு. எந்த வடிவத்தை அடித்தாலும் ஒரே பதிவுக்கு இட்டுச் செல்லுமாறு மாற்றுப் பெயர்களைப் பின்னால் இணைத்து வைக்க வேண்டும்.

மாவட்டத்தின் சிக்கல் வேறு வகை. இங்கு மாறியது எழுத்து அன்று, எல்லை. 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்படும்வரை இப்பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பிரிந்தபின்னும் சில ஆண்டுகள் அதன் பெயர் சிதம்பரனார் மாவட்டம். ரீயின் அகழாய்வைப் பற்றிய பழைய நூல்களைப் படித்தவர் ‘திருநெல்வேலி’ என்று மாற்றுவார். அடுத்தவர் அதை மீண்டும் ‘தூத்துக்குடி’ ஆக்குவார். இருவரும் நேர்மையானவர்கள், இருவரிடமும் சான்று உண்டு. அளவுருவின் பெயர் ‘இன்றைய மாவட்டம்’ என்று இருந்தால் இந்தப் போர் தொடங்கவே தொடங்காது.

ஆயக்கூறுகள் பற்றியும் ஒரு சொல். ஊரின் அமைவிடம் ஏறத்தாழ வடக்கு 8°37′, கிழக்கு 77°52′. பாகைக்குப் பின் வருவது கலை. 60 கலை ஒரு பாகை. படிவத்தில் ஒரே ஒரு பெட்டி இருந்தால் பலர் 8.37, 77.52 என்று எழுதிவிடுவார்கள். அந்தப் புள்ளி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பணகுடி வட்டாரத்து மலைப்பக்கம் போய் விழும். பாகைக்கும் கலைக்கும் தனித்தனிப் பெட்டி தருவதைவிட, சிறு நிலப்படத்தைக் காட்டி, புள்ளி விழுந்த இடத்தை நிரப்புபவரே கண்ணால் பார்க்கச் செய்வது நல்லது. ஊர்க்காரர் எண்ணைப் பார்த்துப் பிழை காண மாட்டார். ஆற்றைக் காணோம் என்றதும் கண்டுபிடித்துவிடுவார்.

== ஒரு பெட்டியில் அடங்காத காலம் ==

மேலே காட்டிய வார்ப்புருவில் ‘காலம்’ என்ற வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதை நிரப்ப முயன்றால்தான், இடைமுகம் என்பது பெட்டிகளின் அழகு மட்டும் அன்று என்பது விளங்கும்.

பெர்லினைச் சேர்ந்த ஜாகர் 1876இல் இங்கு வந்து தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. நூறாண்டுக்குப் பின், 2004இல், இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. 2020இல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையும் 2021இல் மீண்டும் இந்தியத் தொல்லியல் துறையும் பணி செய்தன. ‘அகழ்ந்தவர்’ என்ற ஒற்றை அளவுருவில் இத்தனை பேரை எப்படி எழுதுவது? காற்புள்ளியிட்டு அடுக்கினால் யார் எந்த ஆண்டு என்பது போய்விடும்.

காலம் இன்னும் நுட்பமானது. 2004ஆம் ஆண்டு அகழாய்வில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் கரிமப் பகுப்பாய்வு முடிவு 2019இல்தான் வெளிவந்தது. இரண்டு மாதிரிகள், ஒன்று கி.மு. 905, மற்றொன்று கி.மு. 696. ஒரே பெட்டி கொண்ட படிவத்தில் இதை நிரப்புபவர் என்ன செய்வார்? பெரும்பாலும் ‘கி.மு. 905–696’ என்று எழுதுவார். நடுவில் இட்ட சிறு கோடு, இரண்டு மாதிரிகளின் வயதை அந்த நாகரிகத்தின் ஆயுளாக மாற்றிவிடுகிறது. தொடங்கியது 905, முடிந்தது 696 என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். எந்த ஆய்வாளரும் சொல்லாத செய்தி அது. படிவம் சொல்ல வைத்தது.

அருகில் உள்ள சிவகளை அடுத்த ஆபத்து. அங்கே தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளியிடப்பட்ட இரும்பு பற்றிய அரசு அறிக்கையோ அவ்வூர் மாதிரிகளின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு சென்றது. இரு களங்களும் ஒரே செய்தியில் பேசப்படுவதால், சிவகளையின் ஆண்டு ஆதிச்சநல்லூர்ப் பெட்டிக்குள் குடியேறுவதற்கு ஓர் ஆர்வலரின் ஒரு நிமிடம் போதும்.

இத்தகைய செய்திக்கு வேண்டியது திரும்பத் திரும்பச் சேர்க்கக்கூடிய தொகுதி. ‘மற்றொரு கணிப்பைச் சேர்’ என்ற பொத்தானை அழுத்தினால் நான்கு சிறு பெட்டிகள் வரவேண்டும்: கணிக்கப்பட்ட ஆண்டு, எந்தக் களத்தின் எந்தப் பொருள், முடிவு வெளிவந்த ஆண்டு, சான்று. விக்கித்தரவு இந்த அமைப்பை 2012இல் தொடங்கியபோதிருந்தே இலக்காகக் கொண்டது; அங்கே ஒரு பண்புக்குப் பல மதிப்புகளையும் ஒவ்வொன்றுக்கும் வரையறைகளையும் சான்றையும் தரலாம். ஒருமுறை திருத்தினால், அதிலிருந்து மதிப்பைப் பெறும் எல்லா மொழிப் பக்கங்களிலும் திருத்தம் தெரியும். ஆனால் வாசகர் தகவற்பெட்டியில் பென்சில் குறியைத் தொட்டால் வேறொரு தளத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். அங்கே தமிழ்ப் பெயர் இடப்படாத உருப்படி ஆங்கிலத்தில் நிற்கும். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்தை விட்டு நகராமலேயே விக்கித்தரவின் மதிப்பைத் திருத்தும் சாளரம் எல்லா இடத்திலும் அமையும்வரை இந்த வழி பழகியவர்களுக்கே பயன்படும்.

== வெற்றிடமும் கட்டாயமும் ==

படிவம் வரைபவர்களுக்கு எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்கும் ஆசை எழும். அது தவறு. கட்டாயப் பெட்டியை நிரப்பத் தெரியாதவர் அங்கே ஒரு கோடோ, புள்ளியோ, கேள்விக்குறியோ இட்டுத் தப்பிப்பார். அல்லது ஊகித்து எழுதுவார். தொல்லியல் களத்துக்குப் பெயரும் அமைவிடமும் கட்டாயம் என்றால் போதும். மற்றவை பரிந்துரையாக இருக்கட்டும்.

வெற்றிடம், ‘இல்லை’, ‘தெரியவில்லை’ ஆகிய மூன்றும் ஒன்றல்ல. கல்வெட்டு என்ற அளவுரு வெறுமையாக இருந்தால் இதுவரை யாரும் நிரப்பவில்லை என்று பொருள். ‘இல்லை’ என்றால் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று பொருள். ஆய்வுக்காகப் பக்கத்தைத் திறக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். விக்கித்தரவில் ‘மதிப்பு இல்லை’, ‘அறியப்படாத மதிப்பு’ என்று இரண்டையும் தனியே குறிக்கலாம். சாதாரண வார்ப்புருப் படிவங்களில் இது அரிது.

== பழையவர்களின் கவலை ==

2013ஆம் ஆண்டின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது. மூலநிரலில் பத்து வினாடியில் முடியும் வேலைக்குச் சாளரத்தில் ஐந்து சொடுக்குகள் தேவைப்படுகின்றன. அதைவிடக் கவலைக்குரியது வரலாற்றுப் பக்கம். விக்கியின் நம்பகத்தன்மை, யார் எதை மாற்றினார் என்பது தெளிவாகத் தெரிவதில் இருக்கிறது. வட்டத்தின் பெயரை மட்டும் ஒருவர் மாற்றியபோது, கருவி தன் விருப்பத்துக்கு எல்லா வரிகளின் இடைவெளியையும் வரிசையையும் மாற்றி எழுதினால், வேறுபாட்டுப் பக்கத்தில் முழுப் பெட்டியும் மாறியதாகத் தெரியும். உண்மையான மாற்றம் அதில் மறைந்துவிடும். விசமத் திருத்தமும் அப்படியே மறையும். எனவே நல்ல கருவி, பயனர் தொடாத வரியைத் தானும் தொடாது. பெட்டியை வரிக்கு ஓர் அளவுருவாக எழுத வேண்டுமா, ஒரே வரியில் எழுத வேண்டுமா என்பதையும் வார்ப்புருத் தரவில் குறித்து வைக்கலாம்.

சாளரத்திலிருந்து மூலநிரலுக்கும் அங்கிருந்து சாளரத்துக்கும் எழுதியது அழியாமல் மாறும் வழி இருக்க வேண்டும். பலர் நிரலைக் கற்றது, பிறர் எழுதியதைத் திறந்து பார்த்துத்தான்.

== சோதித்துப் பார்த்தல் ==

படிவம் எளிதா என்பதை வரைந்தவர் சொல்ல முடியாது. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பான்மைக் குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரில் ஒருவராவது கைப்பேசியில் மட்டும் தமிழ் எழுதுபவராகவும், ஒருவர் தமிழ்99 பழகியவராகவும், ஒருவர் விக்கியை ஒருபோதும் தொகுக்காதவராகவும் இருக்க வேண்டும். அவர்களிடம் ‘இந்தச் சாளரம் பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்பார்கள். வேலை கொடுக்க வேண்டும்: ‘2020ஆம் ஆண்டு அகழாய்வைச் சேருங்கள்’, ‘கி.மு. 696 என்ற கணிப்புக்குச் சான்று தாருங்கள்’, ‘நிலப்படத்தில் புள்ளியை ஆற்றின் தென்கரைக்கு நகர்த்துங்கள்’. பிறகு அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இது கடினம். மாணவர் தடுமாறினால் விடை நாவின் நுனிக்கு வந்துவிடும். எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார், எங்கே பின்னோக்கிச் செல்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்.

குறைகளைத் திருத்தும்போது அளவுருவின் பெயரை மாற்ற நேர்ந்தால், பழைய பெயரை மாற்றுப் பெயராக வைத்திருக்க வேண்டும். வார்ப்புருவில் செய்யும் ஒரு மாற்றம் அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களையும் பாதிக்கும். தமிழ்நாட்டின் ஊராட்சிகளைப் பற்றிய பக்கங்கள் போல ஆயிரக்கணக்கில் உள்ள இடத்தில், ஒரு பெயர் மாற்றம் அத்தனை பெட்டிகளிலும் ஒரு வரியை வெறுமையாக்கிவிடும். அதனால் புதிய வடிவத்தை முதலில் மணல்தொட்டியில் வைத்து, பழைய பக்கங்கள் பத்துப் பன்னிரண்டை அதன் வழியே முன்தோற்றம் பார்த்து, வழக்கொழிந்த அளவுருவைக் கொண்ட பக்கங்களைத் தனிப் பகுப்பில் சேரச் செய்து, அந்தப் பகுப்பு காலியான பிறகே பழைய பெயரை நீக்குகிறார்கள்.